ஸ்கேன் எடுத்தாயிற்றா?

நம்மவர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு விசாரிக்கப் போனால், "டாக்டர் என்ன சொன்னார்?" என்பதுதான் முன்பெல்லாம் முதல் கேள்வி. இப்போது "ஸ்கேன் எடுத்தாயிற்றா?" என்று கேட்கிறோம். இல்லை என்று பதில் வந்தால் அந்த டாக்டர் பேரில் ஒரு சந்தேகம். பிள்ளைகள் பெற்றோரைச் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று அவர்கள் பேரிலும் ஒரு சந்தேகம். புனேயிலோ பெங்களூரிலோ வேலையாக இருக்கும் மகன் போனிலேயே, "எதற்கும் ஒரு சி.டி. எடுத்துவிடுங்கள் அப்பா, பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்" என்கிறான். பணத்தைப் பற்றி நானும் இங்கே அதிகம் எழுதப் போவதில்லை. அவன் கணக்கில் வராத வேறொரு செலவு இருக்கிறது.

எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் கதிர்வீச்சால் எடுக்கப்படுபவை. அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.யும் அப்படியல்ல; முன்னது ஒலி அலை, பின்னது காந்தமும் ரேடியோ அலையும். எல்லாவற்றையும் "ஸ்கேன்" என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுவதால் பயம் இடம் மாறிப் போகிறது. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் கேட்கும் தடதட சத்தத்தைக் கதிர்வீச்சு என்று நினைத்து நடுங்குகிறவர்கள் உண்டு. சி.டி. சத்தமில்லாமல் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. ஆகவே அது சாது என்று எண்ணம்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு மில்லி சீவர்ட் என்று ஓர் அலகு. மண்ணிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் மூச்சுக் காற்றிலிருந்தும் உலகத்தில் சராசரியாக ஒரு மனிதருக்கு வருஷத்தில் 2.4 மில்லி சீவர்ட் சேருகிறது. அதை யாரும் தவிர்க்க முடியாது. மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1, நல்ல டிஜிட்டல் இயந்திரமானால் 0.02 வரை குறையும். எனவே நெஞ்சுச் சளிக்கு டாக்டர் ஓர் எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தால் யோசிக்கவே வேண்டாம். தலைக்கு சி.டி. என்றால் சுமார் 2. வயிற்றுக்கு என்றால் 8 முதல் 10 வரை. கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றுவதற்கு முன் ஒரு தரம், பின் ஒரு தரம் என்று எடுத்தால் ஏறக்குறைய இரட்டிப்பு.

10 மில்லி சீவர்ட்டால் பின்னாளில் உயிர் பறிக்கும் புற்றுநோய் வரும் வாய்ப்பு 2000இல் ஒன்று கூடலாம் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தரும் கணக்கு. அறுபது, எழுபது வயதுக்காரர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளையின் விஷயம் வேறு. வளரும் உடம்பு, முன்னால் நீண்ட ஆயுள். ஐரோப்பாவில் 9 நாடுகளில், சிறுவயதில் சி.டி. எடுத்துக்கொண்ட ஏறத்தாழ பத்து லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2023இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 10,000 குழந்தைகளுக்கு சி.டி. எடுத்தால் அடுத்த பன்னிரண்டு வருஷங்களில் அவர்களில் ஒருவருக்கோ இருவருக்கோ அதன் காரணமாக ரத்தப் புற்றுநோய் வகை வரக்கூடும் என்பது அதன் முடிவு. தலையில் பலமாக அடிபட்டு மயங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு இது ஒன்றுமே இல்லை. உடனே எடுத்தாக வேண்டும். வயிற்று வலி என்று வந்த பிள்ளைக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் போதுமா என்று கேட்காமல் சி.டி. மேஜையில் படுக்க வைப்பதுதான் தவறு.

ரயில்வேயில் இருந்தபோது, பாலத்து கர்டர்களின் வெல்டிங்கை இரிடியம்-192 கொண்டு ரேடியோகிராபி எடுக்கும் வேலையில் நான் உடனிருந்திருக்கிறேன். கயிறு கட்டி, எச்சரிக்கைப் பலகை வைத்து, சம்பந்தமில்லாத ஒருவரும் பக்கத்தில் வராதபடி பார்த்துக்கொண்ட பிறகுதான் மூலத்தை வெளியே எடுப்பார்கள். எடுப்பவர் சட்டையில் அளவைக் காட்டும் பேட்ஜ் இருக்கும். இன்றும் நம் நாட்டுச் சட்டப்படி கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு ஐந்து வருஷச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30க்கு மேல் போகக்கூடாது. தெருவில் போகும் பொதுஜனத்துக்கு இத்தகைய வேலைகளால் வருவது ஆண்டுக்கு 1. மேஜையில் படுத்திருக்கும் நோயாளிக்கு மட்டும் வரம்பே கிடையாது! இதில் தப்பில்லை. உயிர் காக்க வேண்டிய இடத்தில் வரம்பு போட்டால் அது ஆபத்தாக முடியும். ஆனால் வரம்பு இல்லாத இடத்தில் "இது அவசியமா?" என்ற கேள்வி ஒன்றுதான் காவல். அந்தக் கேள்வியை டாக்டரும் கேட்காமல் நாமும் கேட்காமல் விட்டால் காவலே இல்லை.

தண்டவாளத்தில் உள்ளே ஓடும் விரிசலை நாங்கள் அல்ட்ராசானிக் கருவியால் கண்டுபிடிப்போம். அந்தத் தடத்தில் எத்தனை டன் பாரம் ஓடியது என்பதை வைத்து அடுத்த சோதனை எப்போது என்று முடிவாகும். இன்ன பழுது தெரிந்தால் ரயிலை மாற்றுவதா, ஃபிஷ் பிளேட் போட்டு இறுக்குவதா, வண்டி வேகத்தைக் குறைப்பதா என்பதும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும். முடிவைக் கொண்டு ஒன்றும் செய்யப் போவதில்லை என்றால் சோதனைக்கு ஆளனுப்ப மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். "டாக்டர், இந்த ஸ்கேனில் என்ன தெரிந்தால் என்ன வைத்தியம் மாறும்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

2021 ஏப்ரலில் இந்த நாக்பூர் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. கொரோனா என்று தெரிந்து, ஆக்ஸிஜன் 97 இருந்து, வீட்டிலேயே கஷாயமும் பாரசிட்டமாலுமாகக் குணமாகிக் கொண்டிருந்தவர்கள்கூட எச்.ஆர்.சி.டி. எடுக்க வரிசையில் நின்றார்கள். 25க்கு எத்தனை ஸ்கோர் என்பது பரீட்சை மார்க் போல வாட்ஸ்அப்பில் சுற்றியது. சில நாள் இடைவெளியில் மறுபடியும் எடுத்தவர்கள் உண்டு. அந்த மே மாதம், அப்போது டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த டாக்டர் ரந்தீப் குலேரியா, லேசான நோய்க்கு சி.டி. வேண்டாம், ஒரு சி.டி. 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்குச் சமம் என்றார். கதிரியக்க மருத்துவர்களின் சங்கம் உடனே மறுத்தது. இப்போதைய குறைந்த அளவு சி.டி. 5 முதல் 10 எக்ஸ்ரேக்குத்தான் சமம் என்றது. எதை நம்புவது என்று பலர் குழம்பினார்கள்.

டிப்ளமா படித்தவன் போடக்கூடிய கணக்குதான் இது. வழக்கமான மார்பு சி.டி. சுமார் 7, அதை 0.02ஆல் வகுத்தால் 350. டாக்டர் குலேரியா சொன்ன எண் வந்துவிடுகிறது. இயந்திரத்தின் அளவைக் குறைத்து வைத்து, ஒப்பிடும் எக்ஸ்ரேயையும் 0.1 என்று எடுத்துக்கொண்டால் சங்கத்தின் எண்ணும் வந்துவிடும். இரண்டும் பொய்யில்லை. ஒரே பெயருள்ள பரிசோதனை, இயந்திரத்தையும் அதை எப்படி அமைத்து ஓட்டுகிறார்கள் என்பதையும் பொறுத்துப் பல மடங்கு மாறுகிறது என்பதுதான் விஷயம். ஆகவே "குறைந்த அளவில் எடுக்க முடியுமா?" என்பதும் கேட்கத் தகுந்த கேள்வியே. ஆக்ஸிஜன் இறங்கி, ஆர்.டி.பி.சி.ஆர். முடிவு வராமல் தவித்தவர்களுக்கு அந்த சி.டி. பெரிய உதவியாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

டாக்டர்கள் மேல் மட்டும் பழி போடுவது சுலபம். பரிசோதனைக்கு அனுப்பிக் கமிஷன் வாங்கும் "கட் பிராக்டிஸ்" உண்மைதான். அதைத் தடுக்க 2017இல் மகாராஷ்டிர அரசு வரைவு மசோதாவே தயாரித்தது. ஆனால் இடுப்பு வலி என்று போய், "ஆறு வாரம் பார்ப்போம், நடமாடிக்கொண்டிருங்கள்" என்று சொல்லும் நேர்மையான டாக்டரை விட்டுவிட்டு, உடனே படம் எடுக்கும் டாக்டரைத் தேடிப் போவது யார்? காய்ச்சலோ, காலில் பலவீனமோ, சிறுநீர் கட்டுப்படாமையோ, முன்பே புற்றுநோயோ இல்லாத சாதாரண இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரம் படமே தேவையில்லை என்பது மருத்துவ உலகில் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். பிறந்த நாளுக்குப் பெற்றோருக்கு "ஃபுல் பாடி செக்கப்" பரிசளிக்கும் பழக்கமும் வந்திருக்கிறது. அதில் சி.டி. இருந்தால் மறுத்துவிடுவது நல்லது. ஒரு குறையும் இல்லாதவர் நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி தெரியும்; அது ஒன்றுமில்லை என்று நிச்சயப்படுத்த இன்னும் இரண்டு, மூன்று சி.டி. ஆகும், அதுவரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. இங்கே காட்டுகிறோம், திருப்தியில்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஜி.டி.யிலோ ஏறிச் சென்னைக்குப் போகிறோம். படம் இங்கே பீரோவிலேயே இருந்துவிடும். அங்கே மறுபடி சி.டி. கொண்டு போனாலும் ரிப்போர்ட் காகிதம் மட்டும்தான் பையில் இருக்கும். காகிதத்தை வைத்து எந்த சர்ஜனும் கத்தியை எடுக்க மாட்டார், அவருக்குப் படம் வேண்டும். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில், சிறுநீரகக் கல்லுக்காக இருபத்தாறு வயதுப் பையனுக்கு மூன்று ஊர்களில் ஒன்பது வாரத்துக்குள் நான்கு முறை வயிற்று சி.டி. ஆகிவிட்டது. கல் இருந்த இடம் முதல் படத்திலேயே தெரிந்ததுதான். இடையில் எடுத்தவற்றுக்கு அல்ட்ராசவுண்ட் போதாதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று. எக்ஸ்ரே அறைக்குள் தாத்தாவோடு நான்கு பேர் நுழைவது நம் வழக்கம். பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டுமானால் ஈய ஏப்ரன் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு அந்த ஒருவர் நிற்கட்டும். அது கர்ப்பிணியாகவோ சிறுவராகவோ இருக்கக் கூடாது. அறை வாசலில் எச்சரிக்கை விளக்கும், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற அறிவிப்பும் இருக்க வேண்டும். சென்டருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேட்பதிலும் தவறில்லை.

வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம்: தேதி, ஊர், எந்தப் பகுதி, எக்ஸ்ரேயா சி.டி.யா, யார் எழுதிக் கொடுத்தது. நிறைய எடுத்தாயிற்று என்று காரணம் காட்டித் தேவையான ஸ்கேனை மறுப்பதற்கல்ல இது. எடுத்ததையே மறுபடி எடுக்காமலிருக்க. படத்தை டிஸ்க்கில் கேட்டு வாங்குங்கள். இப்போது பல சென்டர்களில் டிஸ்க்குக்குப் பதில் போனுக்கு ஒரு லிங்க் அனுப்புகிறார்கள். அதில் சில கொஞ்ச நாளில் காலாவதியாகிவிடும். அன்றைக்கே பேரனைக் கூப்பிட்டு ஒரு பென் டிரைவில் இறக்கி வைக்கச் சொல்லிவிடுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது மருந்துப் பையில் அதுவும் இருக்கட்டும்.