குரலுக்கும் ஒரு ஸனது வேண்டும்



சென்ற ரமளானில் மாணவர் ஒருவர் தம் கைபேசியில் ஒரு பயானைக் கேட்கச் செய்தார். பொறுமையைப் பற்றிய அழகிய உரை. நம் கடலோரப் பேச்சின் சாயல் அக்குரலில் தெளிவாக இருந்தது. "எந்த ஹழரத்?" என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, அனுப்பியவருக்கும் தெரியவில்லை. கோப்பின் பெயராகச் சில எண்கள் மட்டுமே இருந்தன.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் 1898இல் மறைந்தார்கள். அரபுத்தமிழில் அவர்கள் எழுதிய 'ஃபத்ஹுத் தய்யான்' இன்றும் அவர்களின் பெயரோடேயே அறியப்படுகிறது. நேற்றுப் பேசியவரின் குரலோ பெயரிழந்து அலைகிறது. ஏன்?

ஒலிநாடாக் காலத்தில் உறைமேல் பெயர் எழுதினோம். இன்று அவ்விவரம் கோப்பின் உள்ளேயே பதிகிறது. அதற்கு மெட்டாடேட்டா என்று பெயர். எம்பி3 கோப்புகளுக்காக 1996இல் வந்த ஐடி3 முறையில் இதற்கு 128 பைட் இடமே இருந்தது. தலைப்புக்கு 30 எழுத்து, பெயருக்கு 30 எழுத்து. பின்வந்த பதிப்புகளில் தமிழிலேயே விரிவாக எழுதலாம். ஆனால் அந்த ஒலியைக் காணொளித் தொகுப்பு மென்பொருளில் இட்டுப் புதிய கோப்பாக வெளியெடுக்கும்போது, பழைய குறிப்புகள் பெரும்பாலும் உடன் வருவதில்லை. மூன்று கை மாறினால் பேசியவர் மறைந்துவிடுகிறார்.

"நல்ல சொல்லை யார் சொன்னால் என்ன? பெயரைத் தேடுவது முகஸ்துதி ஆகாதா?" எனச் சிலர் கேட்கலாம். பெயர் புகழுக்கு மட்டும் உரியதன்று, பொறுப்புக்கும் உரியது. இமாம் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்கள் ஸனதை மார்க்கத்தின் ஒரு பகுதியாகவே கருதினார்கள். அறிவிப்பாளர் தொடர் இல்லையேல் எவரும் எதையும் சொல்லிவிடுவார் என்பதே அவர்களின் கவலை. பாதி வெட்டப்பட்ட பயானில் சட்டம் ஒன்று திரிந்து ஒலித்தால், பெயரும் தேதியும் இல்லாத நிலையில் யாரிடம் சென்று விளக்கம் கேட்பது?

ஆகவே, பதிவு செய்யும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இது: வெட்டாத மூலக் கோப்பைத் தனியே காத்து வையுங்கள். பேசியவர், தலைப்பு, பள்ளிவாசல், ஹிஜ்ரி மற்றும் ஆங்கிலத் தேதி, தொகுத்தவர் ஆகிய விவரங்களை முதலிலேயே எழுதுங்கள். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் இதற்கெனத் தனிக் கட்டமே உண்டு. வெளியெடுத்தபின் திறந்து சரிபாருங்கள். கோப்பின் பெயரிலும், உரையின் தொடக்கத்தில் குரலாலும் அதையே கூறுங்கள். எந்த மென்பொருளும் அந்தக் குரலைத் தானாக அழித்துவிடாது. ஜமாஅத் அலுவலகத்தில் ஒரு பதிவேடும் இருக்கட்டும்.

மறுபுறமும் உண்டு. கைபேசிக் காணொளியில் எடுத்த இடத்தின் விவரமும் பதிந்திருக்கக்கூடும். வீட்டில் நடந்த நிகழ்ச்சியைப் பகிருமுன் அதை நீக்கிவிடுங்கள். காக்க வேண்டியதைக் காப்பதும், மறைக்க வேண்டியதை மறைப்பதும் அமானிதமே.

அந்தப் பயானைப் பேசியவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. பெயர் சொல்லாமலே அவருக்காக துஆச் செய்கிறேன். அல்லாஹ் அவரை நன்கறிந்தவன்.