பொத்தானை அழுத்துகிறவன் வெல்டர் இல்லையா?

"உராய்வு வெல்டிங் மெஷினுக்குத் தொழில் தெரிந்த ஆள் எதற்கு? பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதுமே!" வேலையில் இருந்த காலத்தில் மேலதிகாரிகள் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்து, பட்டறை நடத்தும் உறவுக்காரப் பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். இது தவறான பேச்சு மட்டுமல்ல, ஆபத்தான பேச்சும்கூட.

இந்த வெல்டிங்கைப் பார்த்திராதவர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். உள்ளங்கைகளைத் தேய்த்தால் சூடு வருகிறதல்லவா, அதே சங்கதிதான். ஒரு தண்டை சக்கில் பிடித்து வேகமாகச் சுழற்றுவோம். இன்னொன்றைச் சுழலாமல் பிடித்து, அதன் முகத்தோடு முகம் வைத்து அழுத்துவோம். இரும்பாக இருந்தால் சில விநாடிகளில் செக்கச் சிவந்து, பிசைந்த மாவு போல இளகிவிடும். உருகாது, இளகும், அவ்வளவுதான். உடனே பிரேக் போட்டுச் சுழற்சியை நிறுத்தி, அழுத்தத்தை இன்னும் கூட்டுவோம். இளகிய உலோகம் பக்கவாட்டில் பிதுங்கி வளையமாகச் சுருண்டு நிற்கும். அதை பிளாஷ் என்போம். முகத்தில் இருந்த லேசான துருவும் அதோடு வெளியே வந்துவிடும். உள்ளே சுத்தமான உலோகம் சுத்தமான உலோகத்தோடு சேரும். ராடு வேண்டாம், வாயு வேண்டாம். உருகி உறையும்போது வருகிற காற்றுக்குமிழித் தொல்லையும் இல்லை.

நம் ஊர்க் கொல்லர்கள் இதைத்தான் வேறு வழியில் செய்தார்கள். வண்டிச் சக்கரத்துப் பட்டையின் இரண்டு முனைகளையும் உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்தே ஒன்றாக்கினார்கள். இரும்பின் நிறத்தைப் பார்த்தே பதம் சொன்ன அவர்களை யாரும் 'சம்மட்டி தூக்குகிறவன்' என்று மட்டும் சொல்லிவிடவில்லை.

1956-இல் சோவியத் நாட்டில் இந்த முறையைச் செய்து காட்டியவர் சுதிகோவ் என்ற கடைசல் தொழிலாளி. லேத்தில் நின்று வேலை செய்த மனிதரின் கண்ணில் பட்ட விஷயத்தை வைத்துக்கொண்டு, 'இதற்குத் தொழிலாளியின் மூளை தேவையில்லை' என்று சொல்வது எவ்வளவு பெரிய வேடிக்கை!

மெஷினுக்குத் தெரிவது சுழற்சி, அழுத்தம், நேரம், தண்டு எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு ஆகியவைதான். தண்டின் முகத்தில் கட்டிங் ஆயில் படிந்திருக்கிறதா, வெட்டிய முனை கோணலாக இருக்கிறதா, சக்கில் பிடி நழுவுகிறதா என்பதையெல்லாம் பக்கத்தில் நிற்கிறவன்தான் பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பு இந்த முறைக்குச் சரிப்படாது. அதில் உள்ள கிராஃபைட்டே வழுக்கிவிடும். அலுமினியத்தைச் செம்போடு சேர்க்கும்போது, 'இன்னும் கொஞ்சம் தேய்க்கட்டும், நன்றாகப் பிடிக்கும்' என்று நேரத்தைக் கூட்டினால் காரியம் கெட்டது. நடுவில் நொறுங்கும் தன்மையுள்ள படலம் தடித்துவிடும். இதெல்லாம் பொத்தானில் எழுதியிருக்கிறதா?

வண்டி எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். பல வால்வுகளில் தலை ஒரு உலோகம், தண்டு ஒரு உலோகம். தலை எரியும் புகையின் சூட்டைத் தாங்க வேண்டும். தண்டு தேய்மானத்தைத் தாங்க வேண்டும். இரண்டையும் இணைப்பது இந்த உராய்வு வெல்டிங்தான். இணைப்பு விட்டால் தலை சிலிண்டருக்குள் விழும். பிஸ்டன் போகும், எஞ்சின் போகும். மலைப்பாதையில் ஏறுகிற பேருந்தாக இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பிளாஷைக் கடைந்து எடுத்துவிட்டால் நல்ல இணைப்பும் கெட்ட இணைப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற இணைப்பு எக்ஸ்ரேக்கும் அல்ட்ராசானிக்குக்கும்கூடத் தப்பிவிடலாம். ஆகவேதான் ஷிப்ட் தொடங்கும்போதும், செட்டிங் மாற்றியபோதும் ஒரு பீஸை வளைத்து உடைத்துப் பார்ப்போம். நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில், "நல்ல பீஸை ஏன் உடைக்கிறீர்கள்?" என்று கேட்டு, அதை ஸ்கிராப் கணக்கில் எழுதி, கடைசியில் குறைக்கவும் வைத்தார்கள். மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். பிறகு எண்ணெய் படிந்த முகங்களோடு வெல்டான ஒரு லாட் முழுவதும் திரும்பி வந்தது. அதைக் கண்டுபிடித்ததும் பொத்தான் அழுத்துகிற பையன்தான். அவனை அதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மெஷினை நான் குறை சொல்லவில்லை. புகை இல்லை, கண் எரிச்சல் இல்லை, கைக்குக் கை வேலை மாறுகிற தொல்லை இல்லை. இப்போதைய மெஷின்கள் ஒவ்வொரு வெல்டையும் பதிவு செய்து, கணக்கு தப்பினால் தாங்களே நின்றும் விடுகின்றன. நல்லதுதான். ஆனால் மெஷின் என்ன செய்தது என்பதைத்தான் அந்தப் பதிவு சொல்லும். அதன் வாயில் நாம் என்ன கொடுத்தோம் என்பதைச் சொல்லாது.

வெல்டிங்குக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையத்தைத் திருச்சியில் வைத்திருக்கிற மாநிலம் நம்முடையது. இங்கே இருந்துகொண்டு, இந்த மெஷினில் நிற்கிறவனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிற கான்ட்ராக்ட் ஆளாக வைப்பது வெட்கக்கேடு. அவனுக்கு உலோகத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுங்கள். சந்தேகம் வந்தால் மெஷினை நிறுத்தும் உரிமையைக் கொடுங்கள். உடைத்துப் பார்க்கிற பீஸை நஷ்டக் கணக்கில் எழுதாதீர்கள். வெல்டருக்குரிய சம்பளத்தையும் கொடுங்கள், ஏனென்றால் அவன் வெல்டர்தான்.