படியை மறைத்து அளக்கும் கடைக்காரர்கள்

இணையத்தளங்களுக்கு வழங்கியில் இடம் வாடகைக்கு விடும் நிறுவனங்கள், ஒவ்வொரு வாடிக்கையாளரும் எவ்வளவு தரவைச் செலவிடுகிறார் என்று கண்காணிப்பது தவறா? தவறே அல்ல. ஒரே வழங்கியில் பல தளங்கள் குடியிருக்கின்றன. ஒரு வீட்டார் தொட்டித் தண்ணீர் முழுவதையும் இறைத்துக்கொண்டால் மற்றவர் தவிப்பர். அளக்கத்தான் வேண்டும். நம் வழக்கு அளவையோடு அன்று, அதை மறைத்து வைப்பதோடு.

அளக்கும் கருவி அரிதானதன்று. 1995இல் தோபியாஸ் ஓட்டிக்கர் வெளியிட்ட எம்ஆர்டிஜி என்னும் இலவச மென்பொருளே, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரௌட்டரின் கணக்கைப் படித்து வரைபடமாக்கியது. மொத்த வணிகத்தில் இத்தகைய அளவுகளைக் கொண்டே '95ஆம் சதமானம்' என்ற முறையில் கட்டணம் போடுகிறார்கள். முப்பது நாளில் 8,640 அளவுகள். அவற்றுள் மிக உயர்ந்த 432ஐ, அதாவது 36 மணி நேர நெரிசலைத் தள்ளிவிட்டு, எஞ்சியதன் உச்சத்துக்கே விலை. திடீர்க் கூட்டம் குற்றமன்று என்ற நியாயம் இதில் உண்டு.

சில்லறை வாடிக்கையாளரான சிற்றிதழ்க்காரருக்கு அந்த நியாயம் கிட்டுவதில்லை. அவருக்கு வாய்ப்பது 'வரம்பற்ற பேண்ட்வித்' என்ற விளம்பரமும், ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் 'நியாயமான பயன்பாடு' என்ற தொடரும். எத்தனை ஜிபி வரை நியாயம் என்று பல ஒப்பந்தங்கள் சொல்வதில்லை. ஒருநாள் தளம் முடக்கப்படுகிறது. பழைய இதழைத் தேடி வந்த வாசகர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்.

தரவைத் தின்றவர் வாசகர்தாமா? 2024 மே மாதத்தில், மென்பொருள் ஆவணங்களைத் தாங்கும் ரீட் த டாக்ஸ் தளத்திலிருந்து, தரவு திரட்டும் ஒரேயொரு தானியங்கி 73 டெராபைட்டைத் தரவிறக்கியது. செலவு 5,000 டாலருக்கு மேல். தம் பதிவேடுகள் தம் கையில் இருந்ததால் அத்தளத்தார் காரணத்தைக் கண்டறிந்தனர். மாத மொத்தத்தை மட்டும் காட்டும் கணக்கிலோ வாசகரும் தானியங்கியும் ஒன்றே.

'மலிவாகக் கேட்டால் இப்படித்தான்' என்பர். மலிவு, அளவைக் குறைக்கக் காரணமாகலாம்; கணக்கை மறைக்கக் காரணமாகாது. வரம்பு உண்டெனில் அதை எண்ணில் எழுதுங்கள். நீங்கள் பார்க்கும் வரைபடத்தை எங்களுக்கும் காட்டுங்கள்; எவர் எவ்வளவு எடுத்தார் என்று பிரித்துக் காட்டுங்கள். வரம்பை நெருங்கும்போதே எச்சரியுங்கள். இவற்றில் ஒன்றையும் செய்யாமல் தளத்தை முடக்குவது கண்காணிப்பு அன்று, கடைக்காரர் படியை மறைத்து அளப்பதேயாகும்.