சுருதிப் பெட்டியா, கைப்பேசியா?

சுருதி கொடுக்கும் செயலிகள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. பலவற்றுக்குக் காசும் வேண்டாம். பிறகு தனியே ஒரு சுருதிப் பெட்டி எதற்கு என்று பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

புதியது என்பதற்காக எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. கைத்துருத்தி ஹார்மோனியத்தை 1875-ல் துவாரகநாத் கோஷ் உருவாக்கியது நாம் வாழும் இந்தக் கல்கத்தாவில்தான். 1940-ல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை விதித்தது. இன்று பாட்டுப் பயிலும் வங்காளி வீடுகளில் அதுதான் துணை. மின்னணுச் சுருதிப் பெட்டியும் அப்படியே. பெங்களூர் ராஜ் நாராயண் 1970களின் இறுதியில் அதைக் கொண்டுவந்தார். இன்று கச்சேரி மேடைகளிலும் அது இடம்பிடித்துவிட்டது.

ஆயினும் கற்கும் குழந்தைக்குச் செயலியைவிடப் பெட்டியே நல்லது என்பது என் கருத்து. கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் மந்தர ஷட்ஜம் மெலிந்துவிடும். தனி ஒலிபெருக்கி இணைத்தால் அந்தக் குறை தீரும். ஆனால் வரிசை பாடும்போது யாராவது கூப்பிட்டால் சுருதி அறுந்துபோகுமே! பெட்டிக்கு ஒரே வேலை, சுருதி.

பயணத்துக்குச் செயலி போதும். ஊரில் கோயிலிலும் கல்யாணத்திலும் தானாகக் காதில் விழுந்த நாதசுரம் இங்கே நம் பிள்ளைகளுக்கு அரிது. வீட்டில் கேட்கும் சுருதியாவது நிறைவாக இருக்கட்டும்.