உழுபவருக்கே உதவித்தொகை

புதுச்சேரி நகரிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே சென்று மேற்கே திரும்பினால், இப்பிரதேசத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர்பெற்ற பாகூர் வயல்கள் விரிகின்றன. ஆனால் அவ்வயல்களில் முதல் போட்டு நாற்று நடுபவரும் பட்டாவில் பெயர் உள்ளவரும் ஒருவரே என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது.

2019 பிப்ரவரியில் தொடங்கப்பெற்ற பிரதமரின் கிசான் சம்மான் நிதி, ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில், இடைத்தரகர் எவருமின்றி, விவசாயியின் வங்கிக் கணக்கிலேயே சேர்ப்பது சிலாக்கியமான ஏற்பாடுதான். முதலில் இரண்டு ஹெக்டேர் வரை நிலமுள்ள குடும்பங்களுக்கே என்று வகுக்கப்பட்ட அத்திட்டத்தில், சில மாதங்களிலேயே அந்த வரம்பும் நீங்கியது. வருமான வரி செலுத்துவோர் முதலான சிலரே விலக்கப்பட்டனர். எனினும் பாத்தியதையை நிர்ணயிப்பது நிலப்பதிவேடே ஆதலின், ஏர் பிடித்தறியாத உடைமையாளர் பயனாளி ஆகலாம். குத்தகைக்கோ வாரத்துக்கோ பயிரிட்டு, மழையும் வெள்ளமும் தரும் நஷ்டம் முழுவதையும் தாமே சுமப்பவர் ஆக முடியாது.

அந்தச் சாகுபடியாளர் தம் பெயரையும் காகிதத்தில் ஏற்ற எண்ணி உடைமையாளரின் வீட்டுத் திண்ணைக்குப் போய், "ஐயா, குத்தகைக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டால், "வேண்டுமானால் இரண்டு மூட்டை குறைத்து அளந்து கொடு; கையெழுத்து மட்டும் கேட்காதே" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. சாகுபடிக் குத்தகைதாரரை நினைத்தபோது வெளியேற்றக்கூடாது என்னும் உத்தம நோக்கத்துடன் 1970-இல் இங்கு பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எழுதிக்கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று அஞ்சிய உடைமையாளர்கள் எல்லாவற்றையும் வாய்மொழியிலேயே வைத்துக்கொள்ள, சட்டம் யாரைக் காக்க வந்ததோ அவரே காகிதத்திலிருந்து மறைந்துபோனார்.

வயலைப் பாராமல் காகிதத்தை மட்டும் பார்ப்பதன் மறுபக்கத்தை 2020-இல் அண்டையிலுள்ள தமிழ்நாடு கண்டது; தகுதியற்ற பல லட்சம் பேர் இதே கிசான் சம்மான் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, சுமார் 110 கோடி ரூபாய் தவறான கைகளுக்குப் போனதாக அவ்வரசே அறிவித்தது. நம்மை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்சு உள்ளிட்ட ஐரோப்பிய ஒன்றியத்திலும், நேரடி உதவியில் ஏறக்குறைய 80 சதவீதம் 20 சதவீதப் பயனாளிகளையே சேர்கிறது என்பது நெடுநாளைய புகார். ஆயினும் மிகச் சிறு தொகை பெறுவோர் நீங்கலாக, யாருக்கு எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் பகிரங்கமாக வெளியிடும் நேர்மை அங்கு உண்டு.

பரிகாரம் தொலைவில் இல்லை. 2019-இல் ஆந்திரம், நிலத்தின் உரிமை சிறிதும் மாறாமல், 11 மாத ஒப்பந்தத்தின் பேரில் பயிரிடுபவருக்கு அடையாள அட்டை வழங்கச் சட்டம் செய்தது. கையெழுத்திடத் தயங்குவோர் அங்கும் உண்டென்றாலும், கேட்பதற்கு ஒரு வழி பிறந்தது. ஒடிசாவின் காலியா திட்டம் குத்தகைதாரரையும் நிலமற்றவரையும் சேர்த்துக்கொண்டது.

மத்திய அரசின் விதியை நாம் மாற்ற இயலாது. ஆனால் நம் சட்டமன்றம் அத்தகைய 11 மாத ஒப்பந்தச் சட்டத்தை இயற்றலாம். பருவந்தோறும் வயலுக்கே சென்று சாகுபடியாளரின் பெயரைக் குறித்துக்கொள்ளுமாறு வேளாண் துறையின் உழவர் உதவியகங்களைப் பணிக்கலாம். அப்பட்டியலைக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஊரார் பார்க்க ஒட்டி, பிரதேச அரசின் மானியங்களையேனும் அதன்படி அளிக்கலாம். உடைமையாளருக்கு வாடகை உண்டு, நிலத்தின் விலையேற்றமும் உண்டு. விவசாயி என்ற பெயரில் பொதுப்பணம் வழங்கப்படுமானால், அது விவசாயம் செய்பவருக்கே சேர வேண்டும்.