‘எல்லாமே ஒரிஜினல்’ என்னும் வெட்டிப் பெருமை

சண்டைப் படம் எடுத்தவர்களின் பேட்டிகளில் தவறாமல் வரும் வரி ஒன்று உண்டு: “கிராஃபிக்ஸே கிடையாது சார், எல்லாமே ஒரிஜினல்.” பேட்டி எடுப்பவர் வாய் பிளப்பார், கைத்தட்டல் விழும். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஏனென்றால் குறும்படம் எடுக்கும் பையன்கள் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். காசில்லாத குறையை உடம்பை வைத்து ஈடுகட்டக் கிளம்பிவிடுகிறார்கள். மொட்டைமாடி விளிம்பில் ஓடுகிறார்கள், ஓடும் பைக்கில் எழுந்து நிற்கிறார்கள்.

ஒரிஜினலுக்கு என்ன விலை என்று பார்ப்போம். 2016 நவம்பரில் ‘மாஸ்திகுடி’ என்ற கன்னடப் படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில் குதித்த அனில், உதய் என்ற இரு நடிகர்கள் மூழ்கி இறந்தார்கள். 2021 அக்டோபரில் ‘ரஸ்ட்’ படத்தின் ஒத்திகையில், காலியென்று நம்பிய துப்பாக்கிக்குள் நிஜத் தோட்டா இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் உயிர் போனது. ஆட்களும் அனுபவமும் இருந்த இடங்களிலேயே இந்தக் கதி. நாலு நண்பர்களும் ஒரு கேமராவும் மட்டும் இருக்கும் இடத்தில் என்ன நடக்கும்?

‘தி ரெய்ட்’ (2011) பார்த்திருப்பீர்கள். கரெத் எவான்ஸ் இந்தோனேசியாவில் சுமார் 11 லட்சம் டாலரில் எடுத்தது. அதில் சுட்ட துப்பாக்கிகள் ஏர்சாஃப்ட் பொம்மைகள். தீப்பொறி பிறகு கணினியில் சேர்த்தது. ‘இது டூப்பு’ என்று யாராவது எழுந்து போனார்களா?

துப்பாக்கி வாயில் தெறிக்கும் தீ, நொடிக்கு 24 ஃபிரேமில் ஒன்றோ இரண்டோதான். கறுப்புப் பின்னணியில் எடுத்த தீயை ‘ஸ்கிரீன்’ மோடில் மேலே வைத்தால் கறுப்பு மறைந்துவிடும். இதற்கு பிளெண்டர் போதும், அது இலவசம். அப்படியும் பல படங்களில் பொய்யாகத் தெரிவது ஏன்? தீ வெடிக்கும் ஃபிரேமில் நடிகர் முகத்தில் வெளிச்சம் விழவில்லை, கை பின்னால் உதறவில்லை, படத்தில் இருக்கும் கிரெயின் தீயில் இல்லை. இதில் பாதி வேலை படப்பிடிப்பிலேயே முடிய வேண்டியது. கயிறு கட்டி ஆளைத் தூக்குகிறீர்களா? அவர் இல்லாத வெற்று ஃபிரேமையும் எடுத்து வையுங்கள். கயிற்றை அழிக்க அதுதான் வேண்டும். அதற்கு ஒரு நிமிடம் ஆகுமா? மென்பொருளைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காதவர்கள்.

“ஆபத்து நிஜமா இருந்தாதான் பாக்குறவனுக்குப் பதறும்” என்பார்கள். உடனே ஜாக்கி சானை இழுப்பார்கள். சிறுவயதிலிருந்து சீன ஓபராப் பள்ளியில் உடம்பை வளைத்தவர் அவர். கூடவே பயிற்சி பெற்ற ஸ்டண்ட் குழு இருந்தது. அவருக்கே ‘ஆர்மர் ஆஃப் காட்’ படப்பிடிப்பில் மரத்திலிருந்து விழுந்து மண்டை உடைந்தது. நமக்கு அந்தப் பள்ளியும் இல்லை, குழுவும் இல்லை. மண்டை மட்டும் அதே மாதிரிதான்.

எஃபெக்ட்ஸை பிரம்மாண்டம் காட்டும் வித்தையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். சின்ன பட்ஜெட்டில் அதன் முதல் வேலை, செட்டுக்கு வந்தவர்களை முழுசாக வீட்டுக்கு அனுப்புவது. டிராகன் பறப்பதெல்லாம் அப்புறம்.

ஒரு ஷாட்டுக்காக நண்பனை மாடியிலிருந்து குதிக்கச் சொல்லும் இயக்குநரிடம் அந்த நண்பன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “ராத்திரி உட்கார்ந்து மாஸ்க் வெட்ட உனக்குச் சோம்பேறித்தனம். அதுக்கு நான் ஏன்டா குதிக்கணும்?”