இந்தத் தவணையை எதைக் கொண்டு அளப்பது?

தவணை விடுமுறை தொடங்கிவிட்டது. பள்ளி எப்படிப் போனது என்று கேட்பவர்களிடம் “நன்றாகப் போனது” என்று சொல்கிறேன். உடனே அடுத்த கேள்வி வருகிறது: “எத்தனை பிள்ளைகளுக்கு ஏ?”

கேட்பவர்கள் மேல் குறையில்லை. நாம் பழகிய அளவுகோல் அதுதான். 1988 முதல் 2019 வரை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் யு.பி.எஸ்.ஆர். எழுதினார்கள். முடிவு வெளிவந்தால் 7ஏ எடுத்தவர்களின் படங்கள் நம் நாளிதழ்களை நிறைக்கும். பின்னாளில் அது 8ஏ ஆனது. தோட்டத்துப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அது கிடைத்தால் தோட்டமே இனிப்பு பரிமாறும். 2021-இல் அந்தத் தேர்வு ரத்தானது. இப்போது இருப்பது வகுப்பறை மதிப்பீடு. ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளையின் அடைவுநிலை 1 முதல் 6 வரை குறிக்கப்படுகிறது. அறிக்கையை வாங்கும் பெற்றோர் பலர், “இந்த 3 நல்லதா கெட்டதா, டீச்சர்?” என்றுதான் கேட்கிறார்கள்.

கேமரன்மலைத் தேயிலைத் தோட்டப் பள்ளி ஒன்றில் கற்பிப்பவள் நான். எங்களைப் போன்ற பள்ளிக்கு அந்த 3 என்பது சிறிய எண் அல்ல. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. காட்டை வெட்டி, சரிவில் செடி நட்டு, கொழுந்து பறித்தவர்களில் நம் முன்னோர் ஏராளம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1923-இன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. நாடெங்கும் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியது அப்படித்தான். தலைகளை எண்ணிக் கட்டிய பள்ளிகள் அவை. இன்று அவற்றின் கவலையும் தலைக் கணக்குதான்.

கொழுந்து பறிக்க இயந்திரம் வந்துவிட்டது. வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். படித்த நம் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிப் போய்விட்டார்கள். அது நல்ல செய்திதான். அதற்காகத்தானே பெற்றவர்கள் பாடுபட்டார்கள்? ஆனால் லயத்தில் பிள்ளைச் சத்தம் குறைந்துவிட்டது. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பாதிக்கும் மேல் 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. மாணவர் எண்ணிக்கை மிகவும் சுருங்கினால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்துக் கற்பிக்க வேண்டியிருக்கும்.

“ரெண்டு வகுப்பை ஒன்னா வெச்சா பிள்ளை எப்படிங்க படிக்கும்?” என்று கேட்டு, பட்டணத்துப் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இந்தத் தவணை எனக்கு ஒரு பதில் தந்தது.

முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்கள். காலையில் முதல் பதினைந்து நிமிடம் வாசிப்பு நேரம். பெரியவன் சின்னவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். எங்கள் இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் தவணைத் தொடக்கத்தில் எழுத்துகளைத் தனித்தனியாகச் சொல்வான். சேர்த்துச் சொல்ல வராது. கொம்பும் காலும் வந்தால் நின்றுவிடுவான். என் முன்னால் வாசிக்கக் கூச்சம். ஆனால், தன்னைவிடச் சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து “அடுத்து என்னண்ணே?” என்று கேட்கும்போது வாசிக்காமல் இருக்க முடியுமா? முதல் நாள் மாலையே அந்தப் பக்கத்தை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் பழகிவிட்டு வர ஆரம்பித்தான். தவணை முடியும் வாரத்தில் அவன் பாட்டி பள்ளிக்கு வந்தார். மாரியம்மன் கோயில் பலகையில் ஒட்டியிருந்த திருவிழா அறிவிப்பைப் பேரன் நிறுத்தாமல் படித்துக் காட்டினானாம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. “இனிமே எனக்கு யாரையும் கேக்க வேணாம், டீச்சர்” என்றார்.

அவன் அறிக்கையில் வாசிப்புக்கு 3 போட்டேன். அதுதான் குறைந்தபட்ச அடைவு. 1-இல் இருந்து 3-க்கு வந்தவனை எந்த நாளிதழும் படம் பிடிக்காது. எனக்கு இந்தத் தவணையின் பெரிய செய்தி அதுதான்.

பிள்ளைகள் குறைவு என்பதால்தான் இது நடந்தது என்றும் சொல்ல வேண்டும். நாற்பது பேர் உள்ள வகுப்பில் வாய் திறக்காத ஒரு பிள்ளை மறைந்துகொள்ள இடமுண்டு. எங்கள் வகுப்பில் இல்லை. ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் காரணம் தெரிந்துவிடும். தம்பிக்குக் காய்ச்சல், அம்மா அதிகாலை வேலைக்குப் போய்விட்டார், அக்காதான் வீட்டில் காவல் என்றால், அக்கம்பக்கத்தில் யாரிடம் தம்பியை விடலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே பேசி முடித்துவிடுவார்கள். இந்தத் தவணையில் அப்படி ஒரு பெண் பிள்ளை மீண்டும் ஒழுங்காக வரத் தொடங்கினாள்.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் பிள்ளைகள் வீட்டிலும் லயத்திலும் தமிழ்தான் பேசுகிறார்கள். மலாய் அவர்களுக்குக் கடையில் கேட்கும் மொழி. ஆனால் படிவம் ஒன்றுக்கு ரிங்லெட்டுக்கோ தானா ராத்தாவுக்கோ போனால் பெரும்பாலான பாடங்கள் மலாயில்தான். நம்மில் எத்தனையோ பேர் புகுமுக வகுப்பில் கூடுதலாக ஓர் ஆண்டு உட்கார்ந்தது இதனால்தானே? அதனால் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு வேலை கொடுத்தோம்: சபைகூடலில் ஒருவர் எழுந்து நின்று, தாளைப் பார்க்காமல் மலாயில் ஐந்து வாக்கியம் பேச வேண்டும். முதலில் அழுகை, பிறகு சிரிப்பு, கடைசியில் “இன்னிக்கு நான்தான்” என்று போட்டி. தமிழில் நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளே மலாயிலும் முதலில் துணிந்தார்கள் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

எல்லாம் நிறைவு என்று சொல்லமாட்டேன். ஒரு நல்ல தவணையால் மட்டும் ஒரு பள்ளி நிலைத்துவிடாது. முதலாம் ஆண்டுக்கு எத்தனை பெயர் பதிவாகிறது என்பதுதான் அதை முடிவு செய்யும். அந்தக் கணக்கு ஆசிரியர் கையில் இல்லை.

எனவே இரண்டு வேண்டுகோள். அறிக்கையோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெற்றோரே, எண்ணைப் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். “தவணைத் தொடக்கத்தில் என் பிள்ளைக்கு வராத எது இப்போது வருகிறது?” என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்ற நினைத்தால், அங்கேயும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். தோட்டத்துப் பள்ளியில் படித்து இன்று பட்டணத்தில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளே, பழைய பள்ளிக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போடுங்கள். கட்டடமும் கணினியும் கொடுக்கச் சிலர் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் வாசிக்கும் தமிழ்க் கதைப் புத்தகங்கள்தான் எங்களுக்கு எப்போதும் பற்றாக்குறை.

மூன்றாம் ஆண்டில் ஒரு பிள்ளை இன்னும் 1-இலேயே இருக்கிறாள். பள்ளி திறக்கும் அன்று காலை என் மேசைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பேன்.